வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போகிறவர்களுக்கு: வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

காலேஜில் முதல் இன்டர்னல் டெஸ்டில் எனக்கு 50-க்கு 11. பேப்பரை வாங்கியதும் நான்காக மடித்துப் பைக்குள் திணித்துவிட்டேன். வீடு வரும் வரை பிரித்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள் நான். அன்று ராத்திரி போர்வைக்குள் நான் எடுத்த முடிவு, நமக்குக் காலேஜெல்லாம் சரிப்பட்டு வராது என்பதுதான்.

அந்த 11 எப்படி வந்தது என்று புரிய நான்கு மாதம் ஆனது. 10 மார்க் கேள்விக்கு மூன்று பக்கமாவது எழுத வேண்டும், உள்தலைப்பு போட வேண்டும், வரைபடம் போட வேண்டும். நான் பத்து வரி எழுதியிருந்தேன். எழுதிய பத்து வரியிலும் தப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு 38. அவளுடைய அக்கா அதே காலேஜில் படித்து முடித்தவர். சேர்ந்த முதல் நாளே தங்கையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அப்படி ஒரு அக்கா வீட்டில் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துப் புதுவண்ணாரப்பேட்டையில் விற்பவர். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டினார். இப்போது நான் ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு வருஷமும் முதலாண்டு வகுப்பில் என்னுடைய பழைய முகத்தைக் கடைசி பெஞ்சில் பார்க்கிறேன். வாய் திறக்காது, கண்ணைப் பார்க்காது, பெல் அடித்ததும் முதல் ஆளாக வெளியே போகும். மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. ஆக, உள்ளே வருகிற கதவு நம் ஊரில் ஓரளவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே வந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பதில்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம்பிக்கை எங்கே கிடைக்கும்?

"கான்ஃபிடன்ஸ் வேணும் மேடம், அது வந்துட்டா படிச்சிடுவேன்" என்று மாணவர்கள் சொல்கிறார்கள். வண்டி முன்னால், மாடு பின்னால். 1977-இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற எண்ணம் மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்று எழுதினார். நான்கு வழிகளைச் சொன்னார். ஒன்று, நாமே செய்து முடித்த அனுபவம். இரண்டு, நம்மைப் போன்ற ஒருவர் செய்து முடித்ததைப் பார்ப்பது. மூன்று, பிறர் சொல்லும் ஊக்கம். நான்கு, அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கிற நிலை, அதாவது கை நடுங்குகிறதா, படபடப்பா என்பது. நான்கிலும் வலுவானது முதலாவது என்பது அவர் கருத்து.

மேடைப் பேச்சாளர்கள் கொடுப்பது மூன்றாவது வகை. அது ரெண்டு நாள் தாங்கும். அதனால் இந்தக் கட்டுரையில் உங்களை உசுப்பேற்ற நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. செய்து முடிக்கக்கூடிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றாக முடியுங்கள்.

சேரும் முன்: காகித வேலை

இது அலுப்பான வேலை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்று சான்றிதழ்களுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு போனால் கூட்டம் நெரியும், பரீட்சை முடிந்த வாரமே போய்விடுங்கள். வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். முதல் பட்டதாரி சான்று என்றால் அப்பா, அம்மா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் என யாரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் ஒற்றைச் சாளர கவுன்சலிங் மூலம் சேர்கிறவர்களுக்கு அதை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

மாதம் 1,000 ரூபாய் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி வைத்ததே நம் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்கும் காலேஜ் மூலமாகத்தான் விண்ணப்பம். பணம் வராமல் நிற்பதற்கு நான் பார்த்த வரையில் பெரிய காரணம், ஆதாரில் ஓர் இன்ஷியல், மார்க் ஷீட்டில் வேறு இன்ஷியல். இல்லாவிட்டால் வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாமல் இருக்கும். சேருவதற்கு முன்பே இந்த ரெண்டையும் பார்த்துவிடுங்கள். எல்லாக் காகிதத்தையும் போனில் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு டிசம்பர் மழையில் ஃபைலோடு எல்லாம் நனைந்து போயிற்று, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் வாரம்: காலேஜ் பேசும் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

பள்ளியில் யாராவது துரத்திக்கொண்டே இருப்பார்கள். காலேஜில் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பார்க்காதது உங்கள் தப்பு. இந்த ஒரு மாற்றம் புரியாமல்தான் முதல் செமஸ்டரில் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

முதல் வாரத்தில் மூன்று காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். சிலபஸ், டைம் டேபிள், போன வருஷக் கேள்வித்தாள். சிலபஸ் என்று ஒன்று தனியாக இருப்பதே எனக்கு மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. அதில் ஐந்து யூனிட் இருக்கும், ஒவ்வொரு யூனிட்டிலும் என்ன நடத்த வேண்டும் என்று வரி வரியாக இருக்கும். பரீட்சை அதற்கு வெளியே போகாது.

அப்புறம் கணக்கு. பல அரசு கலைக் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கு இன்டர்னல், அதாவது காலேஜ் ஆசிரியர்களே போடுகிற மார்க், 25; செமஸ்டர் பரீட்சை 75. பாஸ் மார்க் பெரும்பாலும் 40 சதவீதம். பரீட்சையில் தனியாகவும் 40 சதவீதம் எடுக்க வேண்டும், அதாவது 75-க்கு 30. இன்டர்னலில் முழுசாக 25 வாங்கிவிட்டு, பரீட்சையில் 28 எடுத்து, கூட்டினால் 53 வருகிறதே என்று நினைத்தவருக்கும் அரியர்தான், அதாவது அந்தப் பாடத்தை மறுபடி எழுதித்தான் பாஸாக வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இந்த எண்கள் மாறும். உங்கள் காலேஜ் கணக்கைத் துறை அலுவலகத்தில் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வையுங்கள். 68 நாள் வந்தாக வேண்டும், 22 நாள் கையில் இருக்கிறது. 22 நாள் நிறைய மாதிரிதான் தெரியும். ஒரு காய்ச்சலுக்கு ஐந்து, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மூன்று, தண்ணீர் லாரி வராத நாள், மழை வெள்ளம் என்று போனால் எங்கே போயிற்று என்றே தெரியாது. 75-க்குக் கொஞ்சம் குறைந்தால், குறைந்த வருகையை மன்னிப்பதற்கான 'கண்டொனேஷன்' கட்டணம் கட்டிப் பரீட்சை எழுத விடுவார்கள். ரொம்பக் குறைந்தால் அந்த வழியும் இல்லை.

இன்டர்னல் 25 எப்படி வருகிறது என்று பலருக்கும் மர்மமாகவே இருக்கிறது. டெஸ்ட், அசைன்மென்ட், செமினார், வருகை என்று பிரித்துப் போடுகிறோம். அசைன்மென்டை ஒரு நாள் தாமதமாகக் கொடுக்கக்கூட வெட்கப்பட்டுக் கொடுக்காமலே விடுகிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். அரைகுறையாக இருந்தாலும் கொண்டு வந்து கொடுங்கள். வெற்று இடத்தில் நாங்கள் மார்க் போட முடியாது.

இங்கிலீஷ் பயம்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும். தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்த பிள்ளைகள் காலேஜில் ஊமையாகிப் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

முதலில் ஒரு விஷயம். கலைப் பாடங்கள் பலவற்றில் பரீட்சையைத் தமிழில் எழுத அனுமதி உண்டு. உங்கள் பாடத்துக்கு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் முதல் வருஷம் தாராளமாகத் தமிழிலேயே எழுதுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்றாலும், பரீட்சைக்கு வேண்டிய இங்கிலீஷ் சின்னதுதான். சினிமா பார்க்கிற இங்கிலீஷ், இன்டர்வியூ இங்கிலீஷ் எல்லாம் அப்புறம். ஒரு பாடத்துக்கு ஒரு செமஸ்டரில் தெரிய வேண்டிய கலைச்சொற்கள் அதிகம் போனால் ஒரு நூற்றைம்பது இருக்கும். தினம் இரண்டு வார்த்தை என்றால்கூட முடிந்துவிடும்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் வகுப்பில் சொன்ன இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் தமிழ், அதற்குக் கீழே உங்கள் தெருவிலிருந்து ஓர் உதாரணம். தமிழ்ச் சொல் தெரியாவிட்டால் பிளஸ் ஒன், பிளஸ் டூ தமிழ் மீடியம் புத்தகத்தைப் பாருங்கள். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலாண்டில் நடத்துவதில் பாதி அந்தப் புத்தகங்களிலேயே இருக்கிறது. அதைத் தமிழில் ஒரு முறை படித்துவிட்டு அப்புறம் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால், வார்த்தை புரியாவிட்டாலும் என்ன சொல்ல வருகிறார்கள் என்று பிடிபடும்.

உதாரணம் எழுதுவது எதற்கு என்றால், அதற்கு என் கதையே இருக்கிறது. பி.ஏ. எகனாமிக்ஸ் முதல் வருஷம். 'எலாஸ்டிசிட்டி ஆஃப் டிமாண்ட்' என்று போர்டில் எழுதி மேடம் அரை மணி நேரம் நடத்தினார். எனக்கு ஒரு எழுத்தும் ஏறவில்லை. தமிழ்ப் புத்தகத்தில் தேவை நெகிழ்ச்சி என்று போட்டிருந்தது. அதுவும் ஏறவில்லை. சனிக்கிழமை அம்மாவோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மட்டும்தான். வஞ்சிரம் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. வழக்கமாக வாங்குகிற ஒரு அம்மா வந்து விலை கேட்டுவிட்டு, "போன வாரம் இன்னா வெல சொன்ன, இப்ப இன்னா வெல சொல்ற? நான் கோழியே எடுத்துக்கறேன்" என்று நடையைக் கட்டினார். அடுத்த கடையில் உப்பு, புளி விலையும்தான் ஏறியிருந்தது. அங்கே யாரும் திரும்பிப் போகவில்லை, முனகிக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

அங்கேயே எனக்கு உரைத்தது. விலை கொஞ்சம் ஏறினதும் வாங்குகிற அளவு சட்டென்று குறைந்தால் நெகிழ்ச்சி அதிகம். விலை ஏறியும் அளவு அசையாவிட்டால் நெகிழ்ச்சி குறைவு. கோழி மாதிரி மாற்றுப் பொருள் இருந்தால் நெகிழ்ச்சி கூடும். உப்புக்கு மாற்று ஏது? திங்கட்கிழமை மேடம் கேள்வி கேட்டபோது கை தூக்கினேன். பாதித் தமிழ், கால் இங்கிலீஷ், மீதி மீன் நாற்றம் என்று எப்படியோ வஞ்சிரக் கதையைச் சொல்லி முடித்தேன். ரெண்டு பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "இந்த உதாரணத்தை நான் அடுத்த வருஷமும் சொல்லுவேம்மா" என்றார். காலேஜில் எனக்குக் கிடைத்த முதல் நிஜமான மார்க் அதுதான். பண்டூரா சொன்ன முதல் வழி அன்றைக்குத்தான் எனக்குத் திறந்தது, அவர் பேரே அப்போது எனக்குத் தெரியாவிட்டாலும்.

வீட்டில் நடக்கிற தொழில், தெருவில் நடக்கிற வியாபாரம், துறைமுக லாரி, மணலி ஆலை, எண்ணூர்க் கழிமுகம் எல்லாம் யாரோ ஒருவரின் பாடத்தில் ஒரு யூனிட். வேதியியல் படிக்கிறவர்கள், ஆலைக் கழிவு கலக்கிற நம் கொசஸ்தலை ஆற்றை விட நல்ல உதாரணத்தை எங்கே தேடப் போகிறீர்கள்?

கேட்கத் தெரிய வேண்டும்

ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற கால்களை உள்ளேயிருந்து நான் பார்த்திருக்கிறேன். கதவுக்குக் கீழே செருப்பு தெரியும், அரை நிமிஷம் நிற்கும், அப்புறம் காணாமல் போகும். நானும் அப்படித் திரும்பியவள்தான். கேட்டால் முட்டாள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். படித்தவர்கள் இருக்கிற வீட்டில் சின்ன வயசிலிருந்தே கேள்வி கேட்டுப் பழகியிருப்பார்கள். நம் வீட்டில் பெரியவர்களிடம் திருப்பிக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையே காலேஜில் நமக்கு எதிராகப் போய்விடுகிறது.

இதை உடைக்க ஒரு வழி, என்ன கேட்கப் போகிறோம் என்று முன்பே எழுதி எடுத்துக்கொண்டு போவது. "புரியல மேடம்" என்று மட்டும் சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எங்களுக்கும் தெரியாது. "மேடம், இந்தக் கோடு ஏன் கீழே இறங்குதுன்னு புரிஞ்சுது. அது ஏன் வலது பக்கம் நகருதுன்னு புரியல" என்று கேட்டுப் பாருங்கள். அஞ்சு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும், உங்கள் பேரும் ஞாபகம் இருக்கும். பெல் அடித்த உடனே கேட்காமல் "எப்ப வந்தா உங்களுக்குச் சௌகரியம் மேடம்?" என்று நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஃபிரெண்டைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிடுசிடுக்கிற ஆசிரியர்களும் உண்டு, இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். அவர் ஒருவர் என்றால் துறையில் மீதி ஐந்து பேர் இருக்கிறார்கள்.

சீனியர்களைக் கேட்பது இன்னும் சுலபம். உங்கள் ஏரியாவிலிருந்து வருகிற ஒரு மூன்றாம் வருஷ அண்ணனோ அக்காவோ கட்டாயம் இருப்பார். கும்மிடிப்பூண்டி லோக்கலில் கொருக்குப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஏறுகிற கூட்டத்தில் பாருங்கள், ஐடி கார்டு கழுத்தில் தொங்கும். மூன்றே விஷயம் கேட்டால் போதும். கேள்வித்தாள் இருக்கா, எந்த நோட்ஸ் நல்லா இருக்கும், நீங்க முதல் செமஸ்டர்ல எதுல மாட்டுனீங்க. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அதற்குத்தான் உண்மையான பதில் வரும்.

இதற்கு ஓர் ஆராய்ச்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் நிக்கோல் ஸ்டீஃபன்ஸும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்டது. காலேஜ் தொடங்கும்போது ஒரு மணி நேரம், சீனியர்கள் சிலரை உட்கார வைத்துப் புதியவர்களிடம் பேச விட்டார்கள். ஒரு குழுவில் சீனியர்கள் தங்கள் குடும்பப் பின்னணியைச் சொல்லி, அதனால் வந்த சிக்கலையும் சமாளித்த விதத்தையும் பேசினார்கள். இன்னொரு குழுவில் பின்னணியைத் தொடாமல் பொதுவான அறிவுரை மட்டும். வருஷக் கடைசியில் பார்த்தால், முதல் குழுவில் முதல் தலைமுறை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த மார்க் இடைவெளி 63 சதவீதம் குறைந்திருந்தது. என்ன மாறியது என்று பார்த்தால், அவர்கள் ஆசிரியர்களைத் தேடிப்போய்க் கேட்பது கூடியிருந்தது. ஒரு மணி நேரப் பேச்சில் யாருக்கும் மூளை வளர்ந்துவிடாது. தேடிப்போய்க் கேட்கக் கால் வந்தது, அவ்வளவுதான். அது அந்த ஊர்ச் சூழல், இங்கே அதே எண் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டாஃப் ரூம் வாசல் செருப்புகளை நினைத்தால் எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை.

மூடி வைத்துப் படியுங்கள்

நம் பிள்ளைகள் உழைக்காமல் தோற்பதில்லை. ஒரே நோட்ஸைப் பத்துத் தடவை வாய்விட்டுப் படிக்கிறார்கள், மஞ்சள் பேனாவால் கோடு போடுகிறார்கள், பரீட்சை ஹாலில் எல்லாம் பறந்துவிடுகிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தங்கள் நினைவு மேல் நம்பிக்கை அதிகமாக இருந்தது.

ஆகவே ஒரு தலைப்பைப் படித்ததும் நோட்டை மூடுங்கள். வெள்ளைத் தாளில் ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். எரிச்சலாக இருக்கும், பாதிதான் வரும். திறந்து பார்த்து விட்டதைச் சிவப்பில் சேருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி. பழைய கேள்வித்தாள் ஐந்து வருஷத்துக்கு எடுத்து, எந்தக் கேள்வி எத்தனை முறை வந்திருக்கிறது என்று குச்சி போட்டு எண்ணுங்கள்.

எழுதும் நேரத்தையும் பழகுங்கள். 75 மார்க் தாளில் பெரும்பாலும் 2 மார்க் பத்து, 5 மார்க் ஐந்து, 10 மார்க் மூன்று இருக்கும். 2 மார்க்குக்கு 3 நிமிஷம், நாலு வரி. 5 மார்க்குக்கு 10 நிமிஷம், ஒன்றரைப் பக்கம். 10 மார்க்குக்கு 25 நிமிஷம், மூன்று நான்கு பக்கம். கூட்டினால் 155 நிமிஷம், மூன்று மணி நேரத்தில் 25 நிமிஷம் மிச்சம். இந்த ஒரு பத்தியை யாராவது எனக்கு முதல் மாதம் சொல்லியிருந்தால் அந்த 11 வந்திருக்காது.

எங்கே உட்காருவது

ஒற்றை அறை ஹவுசிங் போர்டு வீட்டில் டிவி, தம்பி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் ஒரே காதில்தான் விழும். எங்கள் வீட்டில் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குக் கிளம்புவார், லைட் எப்படியும் எரியும். அவர் போன பிறகு அதை அணைக்காமல் விட்டேன். மூன்றரையிலிருந்து ஐந்தரை, தண்ணீர் பிடிக்க எழுந்திருக்கும் வரை. எல்லோருக்கும் இது ஒத்துவராது, ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் முயற்சி செய்யவே வேண்டாம்.

வெளியே என்றால் முதலில் உங்கள் காலேஜ் லைப்ரரி. கூட்டமே இருக்காது, அது ஒரு சோகம், ஆனால் உங்களுக்கு லாபம். கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது, படிப்பதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறந்தது, நாட்டில் வெளியாகும் புத்தகங்கள் வந்து சேரும் நூலகங்களில் ஒன்று. விம்கோ நகரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரலில் மாறி எழும்பூர் போகலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் தூரம்தான், ஆனால் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. பரீட்சை லீவில் காலையில் போய்ச் சாயந்திரம் வரலாம்.

வீட்டாரோடு

அம்மா அப்பாவுக்கு நம் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. செமஸ்டர் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. "காலேஜ்தான, ஒரு நாள் லீவு போடேன்" என்பது அதனால்தான். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தினசரி காலண்டர் பக்கத்தில் பரீட்சை அட்டவணையை ஒட்டி, பரீட்சை நாளில் சிவப்புப் பொட்டு வைத்தேன். "இந்தப் பொட்டு நாளுக்கு முந்தின நாளும், அந்த நாளும் என்னை எதுக்கும் கூப்பிடாதேம்மா" என்றேன். 'தொந்தரவு பண்ணாதே' என்று பொதுவாகச் சொன்னபோதெல்லாம் சண்டைதான் வந்தது. பொட்டு வைத்த பிறகு, வீட்டுக்கு வந்த அத்தையை அம்மாவே வாசலோடு பேசி அனுப்பினார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தீபாவளி சீசனில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் ஆள் எடுப்பார்கள், நல்ல காசு. ஆனால் முதல் செமஸ்டர் பரீட்சை அதை ஒட்டியே நவம்பரில் வந்து நிற்கும். போவதானால் அதற்கு முன்னாலேயே மூன்று யூனிட்டை முடித்துவிட்டுப் போங்கள். ஷிப்ட் முறை இருக்கிற கல்லூரியில் உங்கள் ஷிப்டுக்கு ஏற்ற வேலையைப் பாருங்கள். வேலைக்கு ஏற்றபடி வகுப்பை வெட்ட ஆரம்பித்தால் அந்த 22 நாள் கணக்கு காலியாகிவிடும்.

அரியர் விழுந்தால்

எனக்கு முதல் செமஸ்டரில் இரண்டு விழுந்தது. வீட்டில் சொல்லாமல் மறைத்தேன். அதனால் அரியர் ஃபீஸ் கேட்க முடியவில்லை, கட்ட வேண்டிய தேதி போய்விட்டது, ஆறு மாதம் கூடுதலாகச் சுமந்தேன். அரியரை விட அதை மறைப்பதுதான் செலவு.

ரிசல்ட் வந்த வாரத்திலேயே மூன்று வேலை. ஓரிரு மார்க்கில் போயிருந்தால் விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும் கேட்கக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள், குறைந்த நாள்தான் கொடுப்பார்கள். அடுத்த செமஸ்டரில் அந்தப் பாடத்துக்கு ஃபீஸ் கட்டும் தேதியைப் போனில் அலாரமாக வையுங்கள். அப்புறம் அந்தப் பாடம் நடத்தியவரிடம் போய் எங்கே விட்டேன் என்று கேளுங்கள். அரியரோடு வருகிற மாணவரை நாங்கள் கேவலமாகப் பார்ப்பதாக நினைக்கிறீர்கள். எங்களில் பலரிடமும் ஒரு அரியர் கதை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், செத்துப்போகலாம் போல நினைப்பு வந்தால் அது படிப்புப் பிரச்சினை மட்டும் இல்லை. மனநல உதவிக்கான எண்கள் 14416 அல்லது 104-க்குப் போன் பண்ணுங்கள். கூட ஒருவரை வைத்துக்கொண்டு பண்ணுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பரீட்சை முடிந்ததும் நோட்டையும் கேள்வித்தாளையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடாதீர்கள். உங்கள் தெருவில் அடுத்து சேருகிற பிள்ளையிடம் கொடுங்கள். என் எகனாமிக்ஸ் நோட்டு இப்போது நான்காவது கையில் இருக்கிறது. போன மாதம் அந்தப் பெண் சந்தேகம் கேட்க எடுத்து வந்தாள். தேவை நெகிழ்ச்சிப் பக்கத்தில் நான் எழுதியிருந்த வஞ்சிரம் விலையை யாரோ அடித்துவிட்டுப் பக்கத்தில் புது விலையை எழுதியிருந்தார்கள். அதையும் அடித்து, வேறு கையெழுத்தில் இன்னொரு விலை.